பழைய தூண்டில் ரீலின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் ஷேக்ஸ்பியர் கம்பெனி செய்த 'கிரைட்டீரியன்' ரீலின் பக்கத் தட்டில் 1960 என்று பொறித்திருக்கும். கையில் எடுக்கிறவர்கள் பலரும் அதைப் பார்த்த உடனே "1960-ல் செய்தது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது மாடல் எண். அதே கம்பெனி 1920, 1924, 1970 என்ற எண்களிலும் ரீல் விற்றது. காலத்தைச் சொல்வது அந்தத் தட்டிலேயே 'மாடல்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும் இரண்டு எழுத்துகள். ஜி.இ. என்று இருந்தால் 1946. ஒரே தட்டில் இரண்டு தகவல். ஒன்று ஏமாற்றும், ஒன்று உண்மை சொல்லும்.

ரீலின் வயதைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இந்த மாதிரி எண்களை நம்பாமல் இருப்பதுதான். மீதி வேலை இரண்டு எல்லைகளைத் தேடுவது. 'இந்த ஆண்டுக்கு முன்னால் இருக்கவே முடியாது' என்பது ஒன்று, அது கீழ் எல்லை. 'இதற்குப் பின்னால் இருக்க வாய்ப்பில்லை' என்பது இன்னொன்று, அது மேல் எல்லை. கிடைக்கிற ஒவ்வொரு தடயமும் இந்த இரண்டில் ஒன்றைக் கொஞ்சம் உள்ளே தள்ளும். கடைசியில் ஐந்தாறு வருட இடைவெளியில் வந்து நின்றால் அது நல்ல விடை. ஒரே ஒரு ஆண்டைத் துல்லியமாகச் சொல்ல முடிகிற ரீல்கள் குறைவுதான். விற்கிறவர் ஒரே ஆண்டாகச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

முதலில்: பளபளப்பாக்காதீர்கள்

பரணிலிருந்து ரீலை எடுத்ததும் கை பிராசோ டப்பாவைத் தேடும். வேண்டாம். மெல்லிய முத்திரைகளும் ஓரத்தில் இருக்கும் சின்ன எழுத்துகளும் தேய்ந்து போவது இப்படித்தான். இங்கிலாந்தின் ஹார்டி கம்பெனி போன்றவர்களின் ரீல்களில் பித்தளைக்கு மேல் கொடுத்திருக்கும் கருமை நிறமும் போய்விடும். விலையும் அதோடு போகும்.

வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பழைய மெத்தென்ற பல் துலக்கும் பிரஷ். இவ்வளவு போதும். துடைத்து நிழலில் காயவிடுங்கள். பிறகு அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில், தட்டோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். நேராக அடிக்கிற வெளிச்சத்தில் தெரியாத எழுத்து இந்தச் சாய்வு வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து நிற்கும். இன்னும் தெரியவில்லையா? கொஞ்சம் டால்கம் பவுடரை விரலால் தடவி மேலே துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் வெள்ளை தங்கிவிடும். மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தாலும் அச்சு விழும்.

ரீல் கம்பில் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். கம்பில் உட்காரும் நீளமான தகட்டை ரீலின் கால் என்போம். அதன் அடிப்பக்கத்தில்தான் பல கம்பெனிகள் எண்ணை அடித்திருக்கின்றன. மாட்டியபடியே படம் எடுத்து, இதன் வயது என்ன என்று கேட்கிறவர்கள் ரொம்பப் பேர்.

கண்ணில் பட்ட ஒவ்வொரு எழுத்தையும், புள்ளி உட்பட, அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அர்த்தம் பிறகு பார்க்கலாம்.

ரீலின் வகையே ஒரு கீழ் எல்லை

என்ன வகை ரீல் என்று பார்த்தாலே ஒரு எல்லை கிடைத்துவிடும். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் பாரிஸ் என்ற ஊரில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற கடிகாரக்காரர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்சக்கரம் வைத்த ரீலைச் செய்தார். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் ஸ்பூல், அதாவது நரம்பு (தூண்டில் கயிறு) சுற்றியிருக்கும் உருளை, பல சுற்று சுற்றும். இன்று நாம் பெய்ட்காஸ்டர் என்று சொல்லும் குடும்பத்தின் மூதாதை அது. பூச்சி போன்ற செயற்கை இரையை எறியும் கம்புக்கான ஃப்ளை ரீல்களில், ஓட்டை ஓட்டையாகக் காற்றோட்டம் விட்ட நவீன வடிவத்துக்கு வழி காட்டியது 1874-ல் காப்புரிமை பெற்ற ஆர்விஸ் ரீல். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் மரத்தால் செய்த ரீல்கள் ஓடின.

ஸ்பின்னிங் ரீல், அதாவது ஸ்பூல் சுற்றாமல் நரம்பு மட்டும் வளையம் வளையமாக உருவி ஓடும் வகை, கொஞ்சம் பிந்தியது. பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் 1905-ல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். அதற்கு முன்பே 1884-ல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரத்து மல்லாக், ஸ்பூலையே பக்கவாட்டில் திருப்பி எறியும் ஒரு ரீலைக் கொண்டுவந்திருந்தார். எறிந்த பிறகு நரம்பைத் தானே பிடித்துக்கொள்ளும் முழுக் கம்பி வளையம் 1932-ல் ஹார்டியின் ஆல்டெக்ஸில் வந்தது. மற்றவர்கள் வெகு நாள் விரல் போன்ற கொக்கியோடும் அரை வளையத்தோடும்தான் காலம் தள்ளினார்கள். முழு வளையம் எல்லாரிடமும் பரவியது 1950களில். ஆகவே முழு வளையம் வைத்த சாதாரண ஸ்பின்னிங் ரீலை யாராவது 1920களில் செய்தது என்று சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

முன்பக்கம் மூடியிருக்கும், பொத்தானை அழுத்தி எறியும் ரீல் என்றால் இன்னும் சுலபம். அமெரிக்காவின் டல்சா நகரத்தில் ஆர்.டி. ஹல் வடிவமைத்து 1949-ல் விற்பனைக்கு வந்ததுதான் இந்த வகையைப் பெரும் சந்தைக்குக் கொண்டுபோனது. செய்த கம்பெனியின் பெயர் ஜீரோ ஹவர் பாம் கம்பெனி. எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரம் வைத்து வெடிக்கும் வெடிகள் செய்தவர்கள். அந்தப் பெயரோடு ரீல் விற்பது சங்கடம்தானே. 1956-ல் ஸெப்கோ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டார்கள். 1961-ல் பிரன்ஸ்விக் நிறுவனம் வாங்கியது. ஆக, ரீலில் 'பாம் கம்பெனி' என்று இருந்தால் 1949-க்கும் 1956-க்கும் இடையில், 'பிரன்ஸ்விக்' என்று இருந்தால் 1961-க்குப் பிறகு. பழுதில்லாத ஒரு பெயர்த் தகடு எத்தனை வேலையை மிச்சப்படுத்துகிறது பாருங்கள்.

நாட்டின் பெயர்

அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890-ல் வந்தது. இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற விதி 1891 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனால் ஒரு ரீலில் வெறுமனே 'இங்கிலாந்து' என்று இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டுச் சொல்ல முடியாது. இங்கிலாந்துக்குள்ளேயே விற்கச் செய்த ரீலில் நாட்டின் பெயர் இல்லாமலும் இருக்கும். பெயர் இல்லை என்பதால் 1891-க்கு முந்தியது என்று ஆகிவிடாது. ஆரம்பத்தில் இருப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

ஜெர்மனி ரீல்கள்தான் இந்த விஷயத்தில் ரொம்ப உதவும், ஏனென்றால் அந்த நாட்டின் பெயரே மாறிக்கொண்டிருந்தது. 'யு.எஸ். ஸோன்' (போருக்குப் பின் அமெரிக்கா ஆண்ட பகுதி) என்று இருந்தால் 1945 முதல் 1949 வரை. 'மேற்கு ஜெர்மனி' என்று இருந்தால் 1949 முதல் 1990 வரை. பதிவு முத்திரைகளும் பேசும். டி.ஆர்.ஜி.எம். என்பது பழைய ரைஷ் (போர் முடியும்வரை இருந்த ஜெர்மன் அரசு) காலத்துப் பதிவு. 1891-ல் தொடங்கி 1945-ல் முடிந்தது. டி.பி.ஜி.எம். என்பது போருக்குப் பிந்திய கூட்டாட்சிக் குடியரசின் பதிவு. பெர்லினில் வளர்ந்த டி.ஏ.எம். கம்பெனி போருக்குப் பிறகு பவேரியாவின் குன்ட்சன்ஹௌசனில் வேலை செய்தது. அதன் 'குயிக்' ரீல்களில் இந்த மாதிரி எழுத்துகளைத் தேடுங்கள்.

ஜப்பான் ரீலில் 'ஆக்குபைடு ஜப்பான்' என்று இருந்தால் கொண்டாடலாம். போருக்குப் பிந்திய ஆக்கிரமிப்புக் காலத்தில், தனியார் ஏற்றுமதி மறுபடி தொடங்கிய 1947-லிருந்து ஆக்கிரமிப்பு முடிந்த 1952 வரைக்குமான முத்திரை அது. ஐந்து வருட இடைவெளி, வேறெந்த ஆராய்ச்சியும் இல்லாமல். இவ்வளவு சுலபமான தடயம் என்பதால் போலி முத்திரை அடிக்கிறவர்களுக்கும் இது பிடிக்கும். எழுத்தின் பள்ளத்துக்குள் மட்டும் உலோகம் புதிதாக மின்னுகிறதா என்று சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள்.

பிரெஞ்சு ரீல்களில் எஸ்.ஜி.டி.ஜி. என்ற நான்கு எழுத்துகள் வரும். காப்புரிமை கொடுத்தாலும் அதற்கு அரசாங்கம் உத்தரவாதமில்லை என்ற அறிவிப்பு அது. 1844 சட்டத்தில் வந்து 1968-ல் போனது. எல்லை ரொம்ப அகலம்; தனியாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

காப்புரிமை எண்: தங்கச் சுரங்கம், ஆனால் ஒரு பக்கம் மட்டும்

அமெரிக்கக் காப்புரிமை எண்கள் 1836-லிருந்து வரிசையாக ஏறி வருகின்றன. அந்தந்த ஆண்டின் தொடக்கத்தில் எண் எங்கே இருந்தது என்று தெரிந்தால் போதும்:

1900 – 6.40 லட்சம்
1910 – 9.45 லட்சம்
1920 – 13.27 லட்சம்
1930 – 17.42 லட்சம்
1940 – 21.85 லட்சம்
1950 – 24.93 லட்சம்
1960 – 29.19 லட்சம்
1970 – 34.87 லட்சம்

ரீலில் அவர்கள் மில்லியன் கணக்கில் காற்புள்ளி வைத்திருப்பார்கள். 2,312,000 என்றால் நம் கணக்கில் 23 லட்சத்து 12 ஆயிரம். அதாவது 1940களில் கொடுத்த காப்புரிமை. முழு எண்ணையும் இணையத்தில் காப்புரிமைத் தேடலில் போட்டால் வரைபடத்தோடு ஆவணமே வந்துவிடும். வரைபடத்தைக் கையில் இருக்கும் ரீலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில சமயம் எண் முழு ரீலுக்கானதாக இருக்காது. உள்ளே இருக்கும் ஒரு பிரேக்குக்கோ, நரம்பைச் சீராகப் பரப்பும் லெவல்வைண்ட் பாகத்துக்கோ ஆனதாக இருக்கும். டிசைன் காப்புரிமைக்கு வேறு வரிசை உண்டு. 'டெஸ்' என்ற சுருக்கம் முன்னால் இருந்தால் மேலே உள்ள பட்டியல் பொருந்தாது.

எண்ணே இல்லாமல் தேதி மட்டும் இருந்தால் அதுவும் ஒரு தடயம்தான். காப்புரிமைப் பொருளில் எண்ணைத்தான் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1927-ல் மாறியது. அதற்கு முன் தேதியைப் பொறிப்பதே வழக்கம். புரூக்ளினில் இருந்த ஜூலியஸ் வாம் ஹோஃபின் ரீல்களில் 'நவம்பர் 17, 85. அக்டோபர் 8, 89' என்று இரண்டு தேதிகள் இருக்கும். 1885, 1889 என்று படிக்க வேண்டும். இரண்டில் பிந்தியதுதான் கணக்கு: 1889-க்கு முன்னால் இந்த ரீல் இருக்க முடியாது. ஆனால் 1889-ல் செய்தது என்றும் சொல்ல முடியாது. அச்சை மாற்றச் செலவாகும். அதே தேதிகளோடு வருடக்கணக்கில் ரீல் வந்துகொண்டே இருந்தது. காப்புரிமை எதைச் சொன்னாலும் கீழ் எல்லையை மட்டும்தான் சொல்லும். மேல் எல்லையை வேறு எங்காவது தேட வேண்டும்.

'காப்புரிமை நிலுவையில்' என்ற வாசகம் மட்டும் இருந்தால் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த காலம். அதே மாடலின் எண் போட்ட பதிப்பு எப்போது வந்தது என்று பார்த்தால் இதன் மேல் எல்லை கிடைத்துவிடும்.

பிரிட்டனில் 1916 வரை ஒவ்வொரு ஆண்டும் எண் ஒன்றிலிருந்து ஆரம்பித்தது. அதனால் எண்ணோடு ஆண்டும் சேர்ந்திருந்தால்தான் பயன். 1916-ல் 1,00,001-லிருந்து தொடர் வரிசை தொடங்கியது. ஒரு பிரிட்டிஷ் ரீலில் நான்கைந்து லட்சத்தில் காப்புரிமை எண் இருந்தால் அது இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தையோ அதற்குப் பிறகையோ சேர்ந்தது. ஆர்.டி. என்ற எழுத்துகளோடு வரும் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1884-ல் தொடங்கிய வடிவமைப்புப் பதிவு, தனி வரிசை.

கம்பெனியின் பெயர், ஊர், உரிமையாளர்

எண்ணைவிடப் பெயர் நம்பகமானது என்பது என் கருத்து. கம்பெனி கைமாறினால் பெயர்த் தகட்டை மாற்றியே ஆக வேண்டும். யாரும் பழைய முதலாளியின் பெயரை இலவசமாக விளம்பரம் செய்ய மாட்டார்கள். கென்டக்கியின் மீக் என்ற கம்பெனியின் ரீலில் ஹார்ட்டன் என்ற பெயரும் சேர்ந்திருந்தால் 1916-ல் விற்பனையான பிறகு செய்தது. ஃப்ளூகர் ஓஹையோவின் ஏக்ரனைச் சேர்ந்தது. ஷேக்ஸ்பியர் அதை 1966-ல் வாங்கியது. பென் கம்பெனியை ஆட்டோ ஹென்ஸி ஃபிலடெல்ஃபியாவில் 1932-ல் தொடங்கினார். கடலில் பெரிய மீனுக்கான செனட்டர் 1936-ல் வந்தது. பென் ரீல்களில் ஒரு தொல்லை: நன்றாக ஓடுகிற மாடலை அவர்கள் பல பத்தாண்டுகளுக்கு மாற்றவே இல்லை. வெளித் தோற்றத்தை வைத்து ஆண்டு சொல்வது கஷ்டம்.

கடையின் பெயர் செய்தவரின் பெயராகத் தோன்றும் ரீல்களும் உண்டு. இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் மீன்பிடிச் சாமான் வாங்கிய இடங்களில் ஒன்று ஆர்மி அண்ட் நேவி கடை. லண்டனில் ஆரம்பித்து, 1891-ல் பம்பாயிலும் 1901-ல் கல்கத்தாவிலும் கிளை திறந்தார்கள். அவர்கள் ரீல் செய்யவில்லை. செய்து வாங்கித் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். சி.எஸ்.எல். என்ற சுருக்கம் கூட்டுறவுச் சங்கமாக இருந்த காலத்தையது. 1934-ல் 'ஸ்டோர்ஸ்' என்று பெயர் மாறியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீனை வளர்த்துவிட்டு அதைப் பிடிக்கத் தூண்டிலோடு அலைந்தவர்கள் இருந்தார்கள். மலைப் பக்கத்துப் பழைய பங்களாச் சாமான்களில் இப்படி ஒரு பித்தளை ரீல் கிடைத்தால், கம்பெனிப் பெயர் எங்கே என்று தேடி ஏமாறாமல் கடைப் பெயரை வைத்தே எல்லை போடுங்கள்.

கம்பெனியின் சொந்தக் குறியீடுகள்

ஷேக்ஸ்பியருக்கு வருவோம். மிச்சிகன் மாநிலத்தின் கலாமஸூவில் 1897-ல் தொடங்கிய கம்பெனி. அவர்களின் இரண்டெழுத்துக் குறியீடு ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக எண்ணுவது: கே 1, ஜே 2, ஹெச் 3, ஜி 4, எஃப் 5, இ 6, டி 7, சி 8, பி 9. இடையில் ஐ கிடையாது. எண் ஒன்றோடு குழம்பும் என்று விட்டிருப்பார்கள். ஹெச்.டி. என்றால் 37, ஜி.கே. என்றால் 41, எஃப்.கே. என்றால் 51. கிரைட்டீரியன் 1960 மாடல் ஜி.இ. என்றால் 46. ஆனால் இங்கேயும் பழைய விதிதான்: அந்த மாடலின் அந்தப் பதிப்பு தீர்மானிக்கப்பட்ட ஆண்டு 46. அடுத்த திருத்தம் வரும்வரை ஜி.இ. எழுத்தோடே ரீல் வெளியே வந்துகொண்டிருக்கும்.

ஸ்வீடனின் ஆபு இன்னும் ஒழுங்கானவர்கள். ஸ்வெங்ஸ்டா என்ற ஊரில் கார்ல் ஆகஸ்ட் போர்ஸ்ட்ரோம் 1921-ல் தொடங்கிய கடிகாரத் தொழிற்சாலை அது. டாக்ஸி மீட்டரும் செய்தார்கள். இரண்டாம் உலகப் போரில் மீட்டர் ஏற்றுமதி படுத்துவிட்டது. மகன் யோத்தே போர்ஸ்ட்ரோம் அதே பல்சக்கர வேலைத் திறமையை ரீலுக்குத் திருப்பினார். 1952-ல் சிவப்பு நிற ஆம்பாசடர் 5000 வந்தது, தோல் உறையோடு. (5000 என்பதும் மாடல் எண்தான்.) 1970களின் நடுவிலிருந்து வந்த ஆம்பாசடர்களின் காலடியில் ஆறு இலக்க எண் இருக்கும். 780901 என்றால் 78 ஆண்டு, 09 மாதம், கடைசி இரண்டு இலக்கம் பதிப்பு எண். 1978 செப்டம்பர். இதைப் பார்த்துவிட்டுப் பிறந்த மாதம் தெரிந்துவிட்டது என்று துள்ள வேண்டாம். உதிரி பாகம் வாங்குகிறவர் எந்தப் பதிப்பின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அடித்த எண் அது. ஒரே எண் போட்ட ரீல்கள் அந்தப் பதிப்பு ஓடிய காலம் முழுக்க வந்தன. 1978 செப்டம்பருக்கு முந்தியது அல்ல என்று மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆபுவில் பெயரும் உதவும். அமெரிக்காவில் அவர்களுக்கு விநியோகஸ்தர் கார்சியா. கார்சியா நொடித்துப்போய் 1980-ஐ ஒட்டி ஆபுவின் கைக்கு வந்த பிறகுதான் 'ஆபு கார்சியா' என்ற இரட்டைப் பெயர் நிலைத்தது. பிரான்ஸின் க்ளூஸ் நகரத்து மிட்செல் ரீல்களையும் அமெரிக்காவில் விற்றது இதே கார்சியாதான். மிட்செல் 1940களின் இறுதியில் வந்தபோது வெறும் 'மிட்செல்'. உலகம் முழுக்கத் தெரிந்த 300 என்ற எண் பின்னால் ஒட்டிக்கொண்டது. எண் இல்லாத, அரை வளையம் வைத்த மிட்செல் கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

ஹார்டியில் கணக்கு வேறு. இங்கிலாந்தின் அன்னிக் நகரத்தில் 1872-ல் துப்பாக்கிக் கடையாகத் தொடங்கியவர்கள். குண்டுத் தாங்கி வைத்த 'பெர்ஃபெக்ட்' ரீலுக்கு 1888-ல் காப்புரிமை, 1891-ல் விற்பனை. அதன்பின் பல பத்தாண்டுகள் அதே பெயர். வரிசை எண்ணை எதிர்பார்க்காதீர்கள். உள்ளே திறந்து, ஸ்பூல் சுற்றும்போது 'கிளிக்' என்று ஒலித்து அதை லேசாகத் தடுக்கும் கிளிக் அமைப்பைப் பார்க்க வேண்டும். சேகரிப்பவர்கள் அதை 1905 செக், 1912 செக், 1917 செக், மார்க் 2 செக் என்று ஆண்டு வைத்தே அழைக்கிறார்கள். பற்களின் வடிவமும் ஸ்பிரிங்கின் அமர்வும் ஒவ்வொன்றிலும் வேறு. காலையும் பாருங்கள்: பழையவற்றில் பித்தளை, போருக்குப் பிந்தியவற்றில் பொதுவாக அலுமினியக் கலவை. உட்புறத்தில் செய்த தொழிலாளியின் பெயர் முதலெழுத்து அடித்திருக்கும். அவர் எந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்தார் என்பதும் ஒரு எல்லைதான்.

திறக்கும்போது ஸ்க்ரூவின் வெட்டில் இறுக்கமாக உட்காரும் டிரைவரைப் பயன்படுத்துங்கள். வழுக்கினால் தலை சிதைந்துவிடும். ஐஸ் கட்டித் தட்டில் கழற்றிய வரிசைப்படி ஒவ்வொரு பாகமாகப் போடுங்கள். துணி விரித்த மேசைமேல் வேலை செய்யுங்கள். கிளிக் ஸ்பிரிங் துள்ளினால் தேட வசதி.

உலோகம், பிளாஸ்டிக், ஸ்க்ரூ

பொருளை வைத்துக் காலம் சொல்வது கடைசியில் வர வேண்டிய வேலை. பலரும் இதை முதலில் செய்கிறார்கள். 'பித்தளை, அதனால் நூறு வருஷம்' என்பார்கள். பித்தளை இன்றும் கிடைக்கிறது.

இருந்தாலும் சில கீழ் எல்லைகள் உறுதியானவை. அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறை 1886-ல்தான் வந்தது. சாதாரண விலையில் அலுமினிய ரீல் என்றால் 1890களுக்குப் பிறகு. எபோனைட் என்ற கெட்டி ரப்பரும் ஜெர்மன் சில்வர் (வெள்ளி இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) வளையமும் சேர்ந்திருப்பது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 20-ஆம் நூற்றாண்டின் முதல் பகுதிவரை அமெரிக்க ரீல்களில் சாதாரணம். எபோனைட் வெயிலில் பட்டுப் பட்டுப் பச்சை கலந்த பழுப்பாகும். தேய்த்தால் கந்தக வாடை வரும். பேக்லைட் 1907-ல் கண்டுபிடிக்கப்பட்டது. ரீலில் பரவ இன்னும் காலம் ஆனது.

கூட்டல் குறி போட்ட ஃபிலிப்ஸ் ஸ்க்ரூ 1936-ல் காப்புரிமை பெற்றது. அது ரீலின் அசல் ஸ்க்ரூவாக இருந்தால் அதற்குப் பிந்தியது. அசல்தானா என்பது முக்கியம். மற்ற எல்லாம் ஒற்றை வெட்டு, ஒன்று மட்டும் ஃபிலிப்ஸ் என்றால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

நைலான் நரம்பு இன்னொரு சுவாரஸ்யமான அடையாளம். ஸ்பூலில் சுற்றியிருக்கும் நரம்பு ஒன்றுக்கும் உதவாது, அது எப்போது வேண்டுமானாலும் மாற்றியதாக இருக்கும். ஆனால் ஸ்பூலின் விளிம்பைப் பாருங்கள். போருக்கு முந்திய ஸ்பூல்கள் பின்னிய பட்டு, லினன் நூலுக்காகச் செய்தவை. இழுத்துச் சுற்றிய நைலான் நரம்பு மறுபடி சுருங்கப் பார்க்கும். அந்த அழுத்தம் ஸ்பூலின் இரண்டு விளிம்புகளையும் வெளிப்பக்கம் தள்ளும். பேக்லைட் ஸ்பூல் அப்படியே விரிசல் விடும். பழைய ரீலில் விளிம்பு வெடித்திருந்தால், அது நைலானுக்கு முந்திய வடிவமைப்பு, பிற்பாடு யாரோ நைலான் போட்டு ஓட்டியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம்.

பெட்டியும் காகிதமும்

அமெரிக்கப் பெட்டியின் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963-க்குப் பிறகு. ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒன்றிரண்டு இலக்கம் மட்டும் இருந்தால் 1943-க்கும் 1963-க்கும் இடையில். இந்தியக் கடையின் ரசீது ஒட்டியிருந்தால், ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. பார்கோடு இருந்தால் 1970களின் நடுப்பகுதிக்கு முன்னால் போக வழியில்லை. ஆனால் பெட்டி ரீலோடு பிறந்ததா என்று பாருங்கள். நல்ல பெட்டிக்குத் தனி விலை உண்டு என்பதால் ஜோடி மாற்றுவது சகஜம். பெட்டியில் அச்சிட்ட மாடல் எண், குறியீடு இரண்டும் ரீலோடு பொருந்த வேண்டும்.

பட்டியல்களை வைத்து இறுக்குவது

மேல் எல்லை பெரும்பாலும் விலைப்பட்டியல்களில்தான் கிடைக்கும். கம்பெனியின் பழைய ஆண்டுப் பட்டியல்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் மாடல் முதலில் எந்த ஆண்டுப் பட்டியலில் தோன்றியது, கடைசியாக எதில் இருந்தது என்று பாருங்கள். பிறகு படத்தை உன்னிப்பாக ஒப்பிடுங்கள்: கைப்பிடிக் குமிழின் வடிவம், பக்கத் தட்டுகளை இணைக்கும் தூண்களின் எண்ணிக்கை, ஸ்க்ரூக்கள் எந்த இடத்தில், நிறம். ஒரு எச்சரிக்கை: பட்டியலுக்குப் படம் வரைந்தவர்கள் பழைய படத்தையே பல வருடம் ஓட்டியிருப்பார்கள். படம் மாறவில்லை என்பதற்காக ரீல் மாறவில்லை என்று ஆகாது. படத்துக்குக் கீழே உள்ள விவரத்தை நம்புங்கள்.

தடயங்கள் சண்டை போட்டால்

கால் ஒரு காலத்தையும் கைப்பிடி இன்னொரு காலத்தையும் சொன்னால், இரண்டு ரீல்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று முதலில் சந்தேகப்படுங்கள். அடிக்கடி மாறும் பாகங்கள் கைப்பிடி, ஸ்பூல், ஸ்க்ரூ. அரிதாக மாறுவது முத்திரை விழுந்த பக்கத் தட்டு. வயதை அதற்குத்தான் கணக்கிட வேண்டும். ஹார்டியும் ஆபுவும் தங்கள் பழைய வடிவங்களை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். அலங்காரத்துக்கென்றே புதிதாகச் செய்து அமிலத்தில் கருக்கிய பித்தளை ரீல்களும் சந்தையில் உண்டு. அவற்றில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். உண்மையில் உழைத்த ரீலில் கம்போடு உரசிய கால், விரல் பட்ட குமிழ், நரம்பு ஓடிய தூண் ஆகிய மூன்றும் மற்ற இடங்களைவிடத் தேய்ந்திருக்கும்.

முடித்த பிறகு ஒரு சீட்டில் எழுதுங்கள்: மாடல், கீழ் எல்லை, மேல் எல்லை, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் என்ன. 'ஸெப்கோ, 1949–1956, பெயர்த் தகட்டில் பாம் கம்பெனி' என்கிற அளவுக்குப் போதும். சீட்டைப் பெட்டிக்குள் அல்லது துணி உறைக்குள் வையுங்கள். ரீலின் மேலேயே ஆண்டைப் பொறிப்பது, காலின் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதுவது இரண்டும் வேண்டாம்.